நீலகிரியில் இருந்தபடியே சினிமா அனிமேட்டர்களிடம் கேரக்டர் அனிமேஷன் கற்பது: முழு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ அனிமேஷன் படித்துவிட்டு ஊட்டி, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் திரும்பி வந்த தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “பந்து துள்ளுது, நடை வருது, டயலாக் ஷாட்டும் ஒண்ணு ரெண்டு பண்ணிட்டேன். ஆனா படத்துல பாக்குற மாதிரி உயிர் வரல. அடுத்து என்ன?”

படங்களில் வேலை செய்த ஒருவரிடம் ஷாட்டைக் காட்டித் திருத்தம் வாங்குவதுதான் அடுத்தது. மலையை விட்டு இறங்காமலே இது முடியும். ஆனால் இதில் காசும் நேரமும் கரைகிற இடம் ஒன்று இருக்கிறது. ஷாட்டை முழுக்க இழைத்து, மெருகேற்றி, “இனி நானே ஒண்ணும் செய்ய முடியாது” என்ற நிலையில்தான் பலரும் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய கைக்காரரானாலும் விரல் நுனியையும் கண் சிமிட்டலையும்தான் சரிசெய்து தர முடியும். போஸ், நேரம், பாத்திரத்தின் மனசு ஆகியவற்றில் அவருக்கு இருக்கும் அனுபவம் உங்களுக்கு வந்து சேராது. அரைகுறையாக இருக்கும்போதே காட்டத் தெரிய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

படி 1: போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் புத்தகமாக எழுதிவைத்த அனிமேஷனின் 12 கோட்பாடுகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கலாம். அதைவிடக் கை பழகியிருப்பது முக்கியம். ஒரு சோதனை சொல்கிறேன். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், நொடிக்கு இரண்டு எட்டு வைக்கும் சாதாரண நடை. ஒரு எட்டுக்கு 12 ஃபிரேம். 1இல் கால் தரையைத் தொடுகிறது, 4இல் உடம்பு தாழ்கிறது, 7இல் ஒரு கால் மற்றதைக் கடக்கிறது, 10இல் உடம்பு எழும்புகிறது, 13இல் அடுத்த கால் தொடுகிறது. இதை எதையும் பார்க்காமல் ஒரே அமர்வில் போட வருகிறதா? ஒரு கனமான பெட்டியையும் காலிப் பெட்டியையும் தூக்குவதில் வித்தியாசம் காட்ட வருகிறதா? வராவிட்டால் இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். இதையெல்லாம் இலவசமாகக் கற்கலாம். மென்டரின், அதாவது ஷாட்டைப் பார்த்துத் திருத்தம் சொல்பவரின், நேரத்தை இதற்குச் செலவிடுவது உங்களுக்குத்தான் நட்டம்.

மென்பொருளுக்கும் செலவு வேண்டாம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் இலவசம், பிளெண்டர் ஸ்டுடியோ வெளியிட்டிருக்கும் ‘ரெயின்’, ‘ஸ்னோ’ ரிக்குகளும் (அசைக்கத் தயாராக இருக்கும் பாத்திர உருவங்கள்) இலவசம். மாயா என்ற மென்பொருள் தெரிந்தவர்கள் அதிலேயே இருக்கலாம். எதில் செய்தீர்கள் என்று நல்ல அனிமேட்டர் யாரும் கவலைப்படுவதில்லை.

படி 2: யாரிடம் போவது

இதற்கு இந்தியாவிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. 1956இல், டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு வந்து அங்கிருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன். இந்திய அனிமேஷனின் தந்தை என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டவர். அன்று மேசைக்குப் பக்கத்தில் நின்று தாளைத் திருத்தியதுபோல இன்று திரையைப் பகிர்ந்து ஷாட்டின் மேலேயே கோடு போட்டுக் காட்டுகிறார்கள்.

வழிகள் மூன்று. முதலாவது, பட அனிமேட்டர்கள் நடத்தும் இணையப் பள்ளிகள். 2005இல் தொடங்கிய அனிமேஷன் மென்டர் இவற்றில் முன்னோடி. கட்டணம் டாலரில் இருக்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இரண்டாவது, தனிப்பட்ட முறையில் மணிக்கணக்கில் ஷாட் பார்த்துத் தரும் அனிமேட்டர்கள். மூன்றாவது, சென்னை, ஹைதராபாத், பெங்களூர் ஸ்டுடியோக்களில் வெளிநாட்டுப் படங்களுக்கு வேலை செய்த நம்மூர் சீனியர்கள். மூன்றாவதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் பாத்திரம் தமிழில் முணுமுணுக்கிறது என்றால் அதைத் தமிழ் காதோடு பார்க்கும் ஒருவர் சொல்லும் திருத்தத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வேலை செய்த படத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே படத்தில் கூட்டக் காட்சி செய்தவரும் இருப்பார், கதாநாயகியின் அழுகையைச் செய்தவரும் இருப்பார். ஷோரீலை (அவர் செய்த ஷாட்டுகளின் தொகுப்பு வீடியோ) கேட்டுப் பாருங்கள். அவருடைய மாணவர்களின் ஷாட்டுகளையும் பாருங்கள். எல்லா மாணவர்களின் ஷாட்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தால் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

நேரக் கணக்கு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் மாலை 7 மணி வகுப்பு என்றால் அவர்களுடைய கோடைக்காலக் கணக்கில் நமக்கு மறுநாள் காலை 7.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 8.30 ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறன்று பழையபடி. லண்டன்காரர் மாலை 7 மணிக்கு எடுத்தால் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அமெரிக்க வகுப்புதான் தோது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதலே மழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. இரண்டிலும் மரம் விழும், கரண்ட் போகும், அதோடு நெட்டும் போகும். ஆகவே வீடியோவை முந்தின ராத்திரியே ஏற்றிவிடுங்கள். ரூட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ், போனில் வேறொரு நிறுவனத்தின் சிம். வகுப்பு பதிவாகிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: ஷாட்டைத் தேர்ந்தெடுப்பது

சண்டை, பறத்தல், டிராகன் இதெல்லாம் வேண்டாம். ஒரு ஆள், ஒரு செயல், நடுவில் மனசு ஒரு தரம் மாற வேண்டும். அது போதும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் அக்கா ஒருவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு வருகிறார். இரண்டு எட்டு. மூட்டையை இறக்குகிறார். தராசைப் பார்க்கிறார். நினைத்ததைவிடக் குறைவு. கணக்கு எழுதுபவர் பக்கத்திலேயே நிற்பதால் முகத்தில் எதையும் காட்டாமல் நகர்கிறார். பத்து நொடி, 240 ஃபிரேம். வசனமே கிடையாது. படங்களில் வேலை செய்பவர்களே வாரத்துக்குச் சில நொடிகள்தான் முடிப்பார்கள். பத்து நொடியைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள்.

படி 4: ரெஃபரன்ஸ்

மலையில் இருப்பதன் லாபம் இங்கேதான் இருக்கிறது. ரெஃபரன்ஸ் என்பது பார்த்து அனிமேட் செய்வதற்காக எடுக்கும் வீடியோ. சமவெளி ஆட்களின் ரெஃபரன்ஸ் பெரும்பாலும் வீட்டுக்கூடத்தில், மட்டமான தரையில் எடுத்ததாக இருக்கும். நமக்கு வாசல் தாண்டினாலே சரிவு.

ஏற்றத்தில் ஒருவர் நடப்பதை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பாருங்கள். உடம்பு இடுப்பில் மடங்குவதைவிடக் கணுக்காலிலிருந்தே மொத்தமாக முன்னால் சாய்கிறது. எட்டு சின்னது. கால் ஊன்றியதும் உடனே உயராது. தொடை பலம் கொடுத்து இடுப்பை மேலே தள்ளும் அந்த இடம்தான் நீளமானது. சிலர் முழங்காலில் கையை ஊன்றித் தள்ளுவார்கள். இறக்கத்தில் எல்லாமே மாறும். குதிகால் முதலில், முழங்கால் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும், இடுப்பு காலுக்குப் பின்னாலேயே தங்கும், எட்டு குட்டையாகவும் வேகமாகவும் இருக்கும். கணினி தரும் நடை சுழற்சியைச் சரிவில் சாய்த்து வைத்தால் இதில் எதுவுமே வராது. அதைப் பார்த்த மாத்திரத்தில் மென்டர் சொல்லிவிடுவார்.

தலைச்சுமையில் இன்னும் நுணுக்கம் உண்டு. சுமை ஆடக்கூடாது என்பதால் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும். நடையின் ஏற்ற இறக்கத்தை இடுப்பும் முழங்காலும் விழுங்கிக்கொள்ளும். அவரால் குனிந்து படியைப் பார்க்க முடியாது. பாதம்தான் தடவிப் பார்த்து ஊன்றும். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார். கண்ணை மட்டும் ஓட்டுவார், இல்லாவிட்டால் உடம்போடு திரும்புவார். நம் ஷாட்டுக்கு இது பொக்கிஷம். சுமை இருக்கும்வரை கண் மட்டும் பேசுகிறது, இறக்கிய பிறகு தலைக்கு விடுதலை கிடைக்கிறது. மூட்டை போன கையோடு கழுத்து ஒரு சின்ன எழும்பல் எழும்பி அடங்கும், தோள் தளரும். அந்தச் சில ஃபிரேம்களில்தான் பார்ப்பவருக்கு எடையே புரியும்.

இப்போது நீங்களே நடித்துப் படம் எடுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் பிடிப்பது மரியாதை இல்லை. கேட்டாலும், கேமரா முன்னால் யாரும் இயல்பாக நடக்க மாட்டார்கள். தூர நின்று கவனித்துவிட்டு வீட்டுக்கு வந்து செய்யுங்கள். மூட்டைக்குள் தலையணை வைத்து நடித்தால் உடம்பு பொய் சொல்லும். பத்துப் பதினைந்து கிலோ அரிசியாவது வையுங்கள். தலைச்சுமை பழக்கமில்லாதவர்கள் கையிலோ தோளிலோ தூக்கி அந்தக் கனத்தை மட்டும் உணர்ந்துகொண்டால் போதும், கழுத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

போனில் எடுக்கும்போது கவனிக்க இரண்டு விஷயம். மேகம் இறங்கிய நாளில் வெளிச்சம் போதாமல் போனின் ஷட்டர் மெதுவாகிவிடும். கை வீச்செல்லாம் மங்கிப்போய் எந்த ஃபிரேமில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வெயில் தெளிந்த நேரம் பாருங்கள். அடுத்தது, போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான 24 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் நேரம் தப்பும், சத்தம் நழுவும். ஸ்லோ மோஷன் உடம்பைப் புரிந்துகொள்ள உதவும். நேரத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

எடுத்ததை அப்படியே நகல் எடுப்பதும் கூடாது. நாலைந்து தரம் நடித்து, ஒன்றில் இறக்கும் விதம், இன்னொன்றில் பார்வை என்று பொறுக்கிச் சேர்த்து, பேப்பரில் தீப்பெட்டி அளவுக்குக் குட்டிப் படங்களாக வரைந்து பாருங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குச்சி மனிதர்கள் போதும். எந்தப் போஸை இன்னும் மிகைப்படுத்தலாம் என்று அங்கேதான் தெரியும்.

படி 5: பிளாக்கிங்கில் காட்டுவது

முக்கியமான போஸ்களை மட்டும் வைத்து, நடுவில் கணினி எதையும் நிரப்பாதபடி செய்யுங்கள். இதுதான் பிளாக்கிங். பிளெண்டரில் டோப் ஷீட்டில் (போஸ்களை நேர வரிசையில் காட்டும் ஜன்னல்) கீகளை, அதாவது போஸ் பதிவான புள்ளிகளைத் தேர்ந்து ‘டி’ (T) அழுத்தி ‘கான்ஸ்டன்ட்’, மாயாவில் ‘ஸ்டெப்டு’. நம் ஷாட்டுக்குப் பதினைந்து, இருபது போஸ் வரும்.

இந்த நிலையில் முதல் தரம் காட்டுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். படக்காட்சித் துண்டுபோலத் தாவித் தாவி ஓடும் ஒன்றை, பெரிய படங்களில் வேலை செய்தவரிடம் காட்டுவதா என்று தோன்றும். ஸ்டுடியோவில் டெய்லீஸ் (அன்றன்றைய ஷாட்டுகளை எல்லாரும் கூடிப் பார்ப்பது) நடப்பதே இப்படித்தான். அவர்கள் தினமும் பார்ப்பது இந்த அரைகுறையைத்தான்.

காட்டும்போது கதையைச் சொல்லிவிடாதீர்கள். “இவங்க இலை பறிக்கிறவங்க, எடை குறைஞ்சதால வருத்தப்படுறாங்க” என்று ஆரம்பித்தால் அவர் கண்ணுக்கும் அதுதான் தெரியும். பேசாமல் ஓட்டுங்கள். பிறகு கேளுங்கள்: “இந்தம்மா இங்க என்ன நினைக்கிறாங்கன்னு உங்களுக்குத் தோணுது?” அவர் “சோர்வா இருக்காங்க போல” என்று சொன்னால் ஏமாற்றத்துக்கான போஸ் விழவில்லை என்று அர்த்தம். “நல்லா இருக்கா?” என்ற கேள்விக்கு “நல்லா இருக்கு” என்ற பதிலைத் தவிர எதுவும் கிடைக்காது.

படி 6: நோட்ஸை வாங்குவதும் திருத்துவதும்

என் கணிப்பில், கற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். இதற்குக் கணினி அறிவு எதுவும் வேண்டாம்.

மென்டர் சொல்லும் ஒவ்வொரு நோட்டையும், அதாவது திருத்தத்தையும், ஃபிரேம் எண்ணோடு எழுதுங்கள். “96: கை தாமதம்.” “130: பார்வை எங்கே?” வகுப்பு முடிந்ததும் பட்டியலில் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்காராதீர்கள். சொல்லப்பட்டது பல நேரம் அறிகுறிதான், நோய் வேறிடத்தில் இருக்கும். மூட்டையை இறக்கும்போது கை தாமதமாகத் தெரிகிறது என்கிறார். நீங்கள் கையை இரண்டு ஃபிரேம் முன்னால் நகர்த்துகிறீர்கள். அடுத்த வாரம் தோள் சரியில்லை என்கிறார். உண்மையில் இடுப்பு மூட்டைக்கு அடியில் போய் நிற்கவேயில்லை. கால் அகலவில்லை, முழங்கால் மடங்கவில்லை. அந்த எடையைக் கையே தாங்கி இறக்குவதுபோல இருந்ததால்தான் கை கண்ணை உறுத்தியது. எந்தத் திருத்தமானாலும் முதலில் இடுப்பைப் பாருங்கள், அப்புறம் கால், முதுகு, தோள், கடைசியில் கை.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புரியாவிட்டாலும் “புரிஞ்சுது சார்” என்று தலையாட்டுவது. ‘மேம்’, ‘அண்ணா’ என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள், அதில் தப்பில்லை. (வெளிநாட்டு மென்டரைப் பேர் சொல்லியே கூப்பிடலாம், ‘சார்’ போட்டால் அவர்தான் நெளிவார்.) ஆனால் நோட் புரிந்ததா என்று உறுதிப்படுத்த ஒரே வழி, அதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. “அப்போ தராசைப் பாக்குறதுக்கு முன்னாடியே அவங்களுக்குப் பயம் இருக்கணும், சரியா?” இங்கிலீஷ் தடுமாறினால் எழுந்து நடித்துக் காட்டுங்கள். அனிமேட்டர்களுக்கு அது இங்கிலீஷைவிடச் சீக்கிரம் புரியும்.

எல்லா நோட்டையும் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. எடை குறைந்ததும் அந்த அக்கா தோளைக் குலுக்கிக் கையை விரிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். அது அவர் ஊர் உடம்பு. நம் ஊரில் உதடு லேசாக அழுந்தும், முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல ஒரு அசைவு வரும், அவ்வளவுதான். செய்து காட்டி, ஏன் என்று சொல்லுங்கள். நல்ல மென்டர் சந்தோஷப்படுவார். ஆனால் முதலில் அவர் சொன்னபடி ஒரு பதிப்பு செய்து பார்த்துவிட்டு மறுக்க வேண்டும். செய்யாமல் மறுப்பது வெறும் பிடிவாதம்.

படி 7: ஸ்ப்லைன்

பிளாக்கிங்கில் அழகாக இருந்த ஷாட், ஸ்ப்லைனுக்கு (போஸ்களுக்கு நடுவில் உள்ளதைக் கணினியே நிரப்பும் முறை) மாற்றியதும் தண்ணீருக்குள் மிதப்பதுபோல ஆகிவிடும். எல்லாருக்கும் இது நடக்கும். இரண்டு போஸுக்கு நடுவே பெரிய இடைவெளியை விட்டால் கணினி அதைச் சீராக நிரப்புகிறது. உடம்பு சீராக நகராது. அதனால் மாற்றுவதற்கு முன் நாலு ஃபிரேமுக்கு ஒன்று என்ற அளவில் இடைப்போஸ்களை நீங்களே வைத்துவிடுங்கள். பிளெண்டரில் போஸ் மோடில் ‘ஷிஃப்ட் இ’ அழுத்தி இழுத்தால் முன் போஸுக்கும் பின் போஸுக்கும் நடுவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். சரிபாதியில் விடாதீர்கள், எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சாயட்டும்.

பிறகு கிராஃப் எடிட்டரில் (அசைவைக் கோடுகளாகக் காட்டும் ஜன்னல்) இடுப்பின் மேல்கீழ் கோட்டை மட்டும் திறந்து சுத்தம் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மணிக்கட்டு, மூக்கு நுனி இரண்டுக்கும் மோஷன் பாத் (அவை போகும் வழியைக் கோடாகக் காட்டும் வசதி) போட்டுப் பார்த்தால் வளைவு எங்கே முறிகிறது என்று தெரியும். தராசைப் பார்த்து நிற்கும் இடத்தில் உடம்பு உறைந்துவிடக்கூடாது. மூச்சு, எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவது என்று ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கட்டும்.

படி 8: கண், உதடு

பொதுவாகப் பார்வை மாறும்போது கண் முதலில் போகும், இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத் தலை. கண் தாவுவதற்கு இரண்டு ஃபிரேம் போதும். சிமிட்டலை அழகுக்குப் போடாதீர்கள், நினைப்பு மாறும் இடத்தில் போடுங்கள். பரதநாட்டியம் கற்றவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: கை போகும் வழியில்தானே கண் போக வேண்டும்? அது காட்டுவதற்கான வரிசை. ஒருவர் யோசித்துச் செய்யும்போது கண் முந்தும், கை பிந்தும். நம் ஷாட்டில் அந்த அக்காவின் கண் தராசை ஒரு தரம் பார்த்துவிட்டு, கணக்கு எழுதுபவர் பக்கம் ஓடப் போய், பாதியில் நின்று, கீழே இறங்கிவிடுகிறது. அந்த நிறுத்தல்தான் இந்த ஷாட்டே. அதற்கு எவ்வளவு நேரம் என்பதை மென்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

வசனம் உள்ள ஷாட் செய்பவர்களுக்கு, இங்கிலீஷ் பாடங்களில் கிடைக்காத சில விஷயங்கள். ப, ம இரண்டுக்கும் உதடு முழுசாக மூடியே தீர வேண்டும்; இரண்டு ஃபிரேமாவது மூடி வையுங்கள். ட, ள, ழ, ண எல்லாம் நாக்கு உள்ளே செய்யும் வேலை, உதட்டில் தனி வடிவம் தேவையில்லை. உ, ஒ வந்தால் உதடு குவியும். ஆனால் வார்த்தைக் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்குக் குவியாது. ‘பாட்டு’, ‘வந்து’ என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். அங்கே குவித்துவிட்டால் டப்பிங் படம்போலத் தெரியும். வாய் வடிவம் சத்தத்துக்கு ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் முன்னால் வந்தால் கண்ணுக்கு ஒட்டும்.

படி 9: ஷோரீல்

ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிறந்த ஷாட் முதலில். சுமாரானது ஒன்று இருந்தாலும் அதை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள், வெட்டிவிடுங்கள். ரிக் யார் செய்தது என்று பெயர் போடுங்கள், நீங்கள் செய்தது அனிமேஷன் மட்டும் என்றால் அதையும் எழுதுங்கள். பின்னணியில் பாட்டு வேண்டாம், பலர் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள். அனுப்புவதற்கு முன் மென்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “எதைத் தூக்கலாம்?” அவர் சொன்னதைத் தூக்கிவிட்டு, வீடியோவின் முதலிலும் கடைசியிலும் பெயர், மெயில், போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.